மனுசனுக்குக் கட்டம் இல்ல

இங்கன வாங்க சார், நெழல்ல உக்காருங்க. ஜீப்பு வர இன்னும் ஒரு மணி நேரம் ஆவும். பத்து மணின்னு உங்க பாஸ்ல போட்டிருக்கும். அது பாஸ்ல. டிரைவரு இட்லி தின்னு, வெத்தல போட்டு, பொஞ்சாதிகிட்ட ஏச்சு வாங்கிட்டு வந்தாத்தான் இங்க பத்து மணி.

யாரு, அவரா? வேப்ப மரத்தடியில வாளியும் கையுமா நிக்காரே, அவரா? நீங்க கேக்காம இருந்தாத்தான் அதிசயம். வாரவுக எல்லாரும் நரியப் பத்தியும் மானப் பத்தியும் பொறவுதான் கேக்காவ, மொதல்ல அவரத்தான் கேக்காவ. அவரு எங்க அண்ணன் சார். கூடப் பொறந்த அண்ணன். பேரு பலவேசம். என்னவிட பதினாலு வயசு மூப்பு, என்னத் தோள்ல தூக்கி வளத்த மனுசன். காலையில எட்டு மணி பஸ்ஸுல ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வாரோம். நான் முன் சீட்டு, அவரு பின் சீட்டு. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் அங்கனயே நிப்பாரு. அவருக்கு உள்ள போவணும். விடக்கூடாதுன்னு எனக்கு ஆர்டரு. மத்த பக்கம் பூரா போன வருசம் கம்பி வேலி போட்டாச்சு. இந்தக் கேட்டுக்குக் காவல் நாந்தான் பாத்துக்கிடுங்க. பெர்மனெண்டு.

எங்கிட்டப் பேச மாட்டாரு. போன வருசம் பங்குனியில மூடுன வாய இன்னும் தெறக்கல. நான் அவருக்கு என்ன கெடுதல் செஞ்சேன்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க. படிச்சவுக, நியாயம் தெரியும்லா.

கேட்டுல ரெண்டு போர்டு தொங்குதே, பாத்தீயளா? ஒரே கம்பத்துல ரெண்டு. மேல உள்ளது பழசு, மண்டையோடு போட்டது: 'உள்ளே நுழையாதே, உயிருக்கு ஆபத்து.' கீழ உள்ளது புதுசு, மயில் படம் போட்டது: 'வருக வருக, உயிர்களின் சொர்க்கம்.' எது நெசம்னு எங்கிட்டக் கேக்காதீங்க. ரெண்டுக்கும் பெயிண்டு அடிச்சது ஒரே ஆளு, அவன்கிட்டக் கேளுங்க.

உள்ள இருக்கது எங்க ஊரு சார். கருங்காலிவிளை. நானூறு தலக்கட்டு, பனை, முருங்கை, செம்மண் தேரி. கடக்கரையில அணு கரண்டு ப்ளாண்டு. மாசத்துக்கு ஒருக்க ஒத்திகைன்னு மத்தியானம் சங்கு ஊதுவான். நாங்களும் பழகிட்டோம். அந்தச் சங்கு ஊதுனா பொம்பளைய ஒல வைக்க நேரம் ஆச்சுன்னு எந்திரிப்பாவ. பன்னெண்டு வருசம் முன்ன நெசமாவே ஊதுன அன்னைக்கும் ஊரு பூரா ஒல வச்சிட்டு, பாத்துக்கிடுங்க. அரிசி கொதிக்கையில பஸ்ஸு வந்து வரிசையா நிக்கு. 'மூணு நாளைக்குத்தான், மாத்துத் துணி மட்டும் எடுத்துக்கிடுங்க, ஆடு மாடு ஏத்தக் கூடாது'ன்னு மைக்குல கத்துதான். பன்னெண்டு வருசமாச்சு, அந்த மூணு நாளு இன்னும் முடியல.

எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடுதோம். இவரு எங்க போனாருன்னு நெனைக்கீங்க? பனையேறுத பாளை அருவாள எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போறாரு. எவன் தொழுவத்துல எது கட்டிக் கெடந்தாலும் கயித்த அறுத்து விடுதாரு. ஆகாதவன் வீட்டு மாடு, கோர்ட்ல கேஸ் நடத்துனவன் வீட்டு மாடு, எதையும் விடல. 'ஏண்ணே, மூணு நாளுதான'ன்னு கேட்டேன். 'மூணு நாளு நீ தண்ணி குடிக்காம கட்டிக் கெடப்பியா'ன்னு என்னயத் திருப்பிக் கேட்டாரு. கடைசி பஸ்ஸுல புடிச்சு ஏத்துனாவ. நான் எங்க வீட்டு டிவிய சீலையில சுத்தி, கைப்புள்ளைன்னு சொல்லி மொத பஸ்ஸுலயே ஏறிட்டேன். யாரு புத்திசாலின்னு நீங்க சொல்லுங்க. டிவி இன்னைக்கும் ஓடுது.

பொறவு காலனி. மூணாவது மாடியில ஒரு ரூமு, ஒரு அடுப்படி. அண்ணன் கல்யாணம் முடிக்கல, எங்க கூடத்தான். நாளைக்கு நாப்பது பனை ஏறுன ஆளு, மூணு மாடி ஏறுனா முட்டு வலிக்குங்காரு. பைப்புல தண்ணி வந்தா ஒரு வாளி புடிச்சு வராண்டாவுல வச்சிருவாரு. ஒரு வருசம் தாக்குப் புடிச்சாரு. ஒரு நா காலையில கடைக்குப் போறேன்னு போனவரு வரல. பாலக்காட்டுக்குப் பனையேறப் போயிட்டாருன்னு ஊருக்குள்ள பேச்சு. என் வீட்டுக்காரி பேச்சித்தாய் மட்டும் ரேஷன் கார்டுல அவரு பேர எடுக்க விடல. அவளுக்கு எப்பவும் அண்ணன் மேல ஒரு இது. எனக்குச் சோறு போட்டதுக்குப் பொறவுதான் அவருக்குப் போடுவா, ஆனா அவருக்குத்தான் கொழம்புல மீனு கெடக்கும்.

இது இப்பிடி இருக்க, அஞ்சு வருசம் கழிச்சு உள்ள கேமராவக் கொண்டு வச்சாவ. வசுமதி மேடம்னு ஒரு பேராசிரியை, தங்கமான பொம்பள, புழு பூச்சியக் கூட 'வாங்க போங்க'ன்னுதான் பேசும். அந்தக் கேமராவுல பாத்தா, எங்க வி.ஏ.ஓ. ஆபீசு நாற்காலியில நரி குத்தவச்சிருக்கு. முன்ன இருந்தவரு மாசத்துல நாலு நாளுதான் வருவாரு, நரி தெனமும் வருது. பள்ளிக்கூடத்துல பன்னி. பஞ்சாயத்து ஆபீசு மொட்ட மாடியில மயிலு. புள்ளிமானு எங்கிருந்துதான் வந்துதோ, ரேஷன் கடை வாசல்ல வரிசையா நிக்கு. பேப்பர்ல பூரா படம். 'மனிதன் விலகினான், இயற்கை மீண்டது.' நாங்க எங்க சார் வெலகுனோம்? பஸ்ஸுல ஏத்துனான், ஏறுனோம். முன்ன எங்க கடலைச்செடிய மேய்ஞ்ச மயில் மேல ஒரு கல்ல எறிஞ்சதுக்கு என் மச்சினன் ரெண்டு நா ஸ்டேஷன்ல இருந்தான். இப்ப அதே மயிலு எங்க வீட்டு முத்தத்துல முட்ட போட்டுட்டுன்னு மந்திரி கை தட்டுதாரு.

சரணாலயம்னு ஆனதும் வாட்சர் வேலைக்கு ஆள் எடுத்தாவ. உள்ளூர்க்காரன், பாதை தெரியும்னு எனக்குக் குடுத்தாவ. தற்காலிகம். மாருல ஒரு பட்டை மாட்டணும், தீப்பெட்டி அளவுக்கு இருக்கும். எம்புட்டுக் கதிரு மேல பட்டுதுன்னு அது சொல்லிரும். அளவு கூடிட்டுன்னா ஆறு மாசத்துக்கு வேல கெடையாது. தற்காலிகக்காரனுக்கு ஆறு மாசம் வேல இல்லன்னா அவன் எதத் திங்க? அதனால உள்ள போறப்ப எல்லாவனும் பட்டையக் கழத்தி, அந்தா, காலண்டர் பக்கத்துல ஆணி இருக்கு பாருங்க, அதுல மாட்டிட்டுத்தான் போவோம். நாங்க உள்ள போவோம், பட்டை ஃபேனுக்கடியில ஆடிக்கிட்டு இருக்கும். வருசா வருசம் அந்தப் பட்டைய சோதிச்சுப் பாத்துட்டு, காவலர்களுக்குத் துளியும் பாதிப்பு இல்லன்னு எழுதி அனுப்புவாவ. அத வச்சுத்தான் சார் உங்களமாரி ஆளுகளுக்கு ரெண்டு மணி நேரம் பாஸு குடுக்காவ. பயந்துராதீங்க. ஒண்ணும் ஆவாது. தண்ணி குடிங்க, வெளியூரு தண்ணிதான்.

மொத வருசக் கணக்கெடுப்பு. வைகாசி மாசம். ஆளுக்கொரு அட்டை, அட்டையில ஒரு படிவம். படிவத்துல பத்தொம்பது கட்டம். மான், நரி, பன்னி, மயிலு, கீரி, உடும்பு, 'காட்டுநிலை திரும்பிய மாடு', 'காட்டுநிலை திரும்பிய நாய்', அப்படி. கடைசிக் கட்டம் 'இதர'. பாக்கத பாக்க, கோடு போட. என்னைய எங்க பழைய விளைப் பக்கம் அனுப்புனாவ. காலையில ஒம்பது மணி இருக்கும். பனங்காட்டுக்குள்ள கிறீச் கிறீச்னு ஒரு அரவம் கேக்கு. கேட்ட சத்தம். எங்க கெணத்துக் கப்பி சத்தம். ஆறு வருசமா மனுச வாடையே இல்லாத எடத்துல கெணத்துல தண்ணி எறைக்கது யாரு? இசக்கியா, பேயா? குலசாமியக் கும்பிட்டுக்கிட்டே எட்டிப் பாத்தா, நம்மாளு நிக்காரு. வெறும் கோவணம், தலையில துண்டு, வாளியில தண்ணி. சுத்தி முப்பது மாடு.

அஞ்சு வருசம் கழிச்சுத் தம்பியப் பாக்க மனுசன் என்ன கேக்கணும்? நல்லாயிருக்கியாலே, பேச்சி நல்லாயிருக்காளான்னு கேக்கணும்லா. இவரு கேட்டது என்ன தெரியுமா? 'ஏலே சித்திர, எண்ண வச்சிருக்கியா? கப்பி கத்துது.'

'அண்ணே, நீங்க உசுரோடயா இருக்கீங்க?'ன்னேன்.

'செத்தவன் எண்ண கேப்பானாலே'ன்னாரு.

அவரு சோலி என்னன்னா, அஞ்சு வருசமா அந்தக் கெணத்துல இருந்து நாளைக்கு எம்பது வாளி எறைச்சு கல்தொட்டிய நெறைக்கது. காலையில நாப்பது, சாயங்காலம் நாலு மணிக்கு நாப்பது. ஊருணி மாசி மாசத்தோட வத்திரும். பொறவு அந்தப் பக்கம் பத்து கிலோமீட்டருக்குத் தொட்டிதான் தண்ணி. மாடு மட்டுமா, மானும் குடிக்கு, பன்னியும் குடிக்கு, நரி ஓரமா நின்னு முறை வாரதுக்குக் காத்துக் கெடக்கு. 'நாந்தான கயித்த அறுத்து விட்டேன்'ன்னாரு. 'கட்டிக் கெடந்தா யாராவது வந்து அவுப்பான்னு அது நெனைச்சிருக்கும். அவுத்து விட்டவன் தண்ணி காட்டாம போனா என்ன நியாயம்?' கோட்டிக்காரன் பேச்சு. மாடு நெனைச்சிருக்குமாம். எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு: 'யாருட்டயும் சொல்லிராதலே. என்னையக் கொண்டு போயிட்டா இதுக தொண்ட வறண்டு செத்துரும்.'

சரி, நான் என்ன செய்ய? அட்டையப் பாக்கேன். பத்தொம்பது கட்டத்துலயும் மனுசனுக்குக் கட்டம் இல்ல. ரேஞ்சருக்குப் போன் போட்டேன். 'ஐயா, படிவத்துல இல்லாதது ஒண்ணு கண்ணுல பட்டா எதுல போட?'ன்னேன். 'இதரன்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல போட்டுத் தொலை'ன்னு வச்சிட்டாரு. நான் அரசாங்க ஊழியன். சொன்னதச் செஞ்சேன். இதர, ஒண்ணு.

வசுமதி மேடம் அந்த ஒண்ணப் பத்தி ஒரு பக்கம் எழுதியிருக்காவ சார். இன்னும் அடையாளம் காணப்படாத உயிரினமாம். கூச்ச சுபாவமாம். நீர்நிலைய ஒட்டி வாழுதாம். அதுல ஒண்ணும் தப்பு இல்ல பாத்துக்கிடுங்க, மூணும் அண்ணனுக்குப் பொருந்தும். மறு வருசம் நான் உசாராயி அந்தக் கட்டத்த வெறுமனே விட்டுட்டேன். மேடம் கவலைப்பட்டுக் கேட்டாவ, 'அந்த ஒண்ணு என்னாச்சு சித்திரைவேல்?' 'செத்துப் போச்சு மேடம்'ன்னேன். அவங்களுக்குக் கண்ணு கலங்கிட்டு. நல்ல மனசு.

அஞ்சு வருசம் சார். அஞ்சு வருசம் நான் காத்தேன் அவர. அரிசி கொண்டு போனேன், பேச்சி குடுத்து விடுத மீன் கருவாடு கொண்டு போனேன், கப்பிக்கு எண்ண கொண்டு போனேன். கேமராவ வாளி தெரியாத கோணத்துல திருப்பி வச்சேன். அவரு கால் தடத்தப் பனை மட்டையால அழிச்சேன். கேமராவுல என்ன தெரியும்? நெறைஞ்ச தொட்டி, தண்ணி குடிக்க மாடு. மேடம் அதப் பாத்துட்டு, தொட்டிக்கு அடியில இயற்கையான ஊத்து இருக்குன்னு முடிவு கட்டிட்டாவ. மனுச ஒதவி இல்லாம பத்து வருசம் கோடையத் தாண்டுன மாட்டுக் கூட்டம், ஒலகத்துலயே இது ஒண்ணுதான்னு பொஸ்தகம் எழுத ஆரம்பிச்சிட்டாவ. வெள்ளக்காரன் ரெண்டு பேரு வந்து தொட்டியத் தடவிப் பாத்துட்டுப் போனான். அண்ணன் அன்னைக்கு பனை உச்சியில இருந்து பாத்துக்கிட்டு இருந்தாரு. 'தொட்டிய எதுக்குலே தடவுதான், விலை பேசவா?'ன்னு பொறவு கேட்டாரு.

போன வருசம் மாசியில ஆர்டரு வந்துச்சு. மந்திரி வந்து சரணாலயத்த முறைப்படி தெறக்கப் போறாரு, அதுக்கு முன்ன மூணு வாட்சர பெர்மனெண்டு ஆக்கப் போறாவ. கோழி மேய்ச்சாலும் கோறமெண்டுல மேய்க்கணும்னு எங்க அப்பா சாவுத வரைக்கும் சொல்லுவாரு. எனக்கும் நாப்பத்தேழு ஆச்சு. ஒரு தாளுல கையெழுத்துப் போடணும், அம்புட்டுதான். 'எனது கண்காணிப்பில் உள்ள பகுதியில் மனித நடமாட்டம் எதுவும் இல்லை என உறுதி கூறுகிறேன்.'

இப்ப நீங்க சொல்லுங்க. பொய்க் கையெழுத்துப் போடலாமா?

பேச்சி சொன்னா, 'போட்டுட்டுப் பேசாம இரும், யாரு வந்து பாக்கப் போறா?' பொம்பளைக்கு என்ன தெரியும். நாளைக்கு ஒருத்தன் கண்டுபுடிச்சா வேலையும் போயி மானமும் போவும்லா. நான் அப்படி வளரல சார். ஒரு எடத்துல கையெழுத்துப் போட்டா அது நெசமா இருக்கணும். அது நெசமா இருக்கணும்னா அண்ணன் உள்ள இருக்கக் கூடாது. கணக்கு அவ்வளவுதான். அதுவும் போவ, அவரு கழுத்துல ஒரு வீக்கம் இருந்துச்சு. கதிரு வேலைதான்னு எனக்குப் பட்டுது. ஒரு தம்பிக்கு அதப் பாத்துட்டு சும்மா இருக்க முடியுமா? அவரு நல்லதுக்கும் சேத்துத்தான் ரேஞ்சர் ஐயாகிட்டப் போயிச் சொன்னேன்.

அவரு கோவக்காரரு. போலீஸ உள்ள அனுப்பித் தூக்குதேன்னாரு. நாந்தான் வேண்டாம்னேன். பனங்காட்டுக்குள்ள அண்ணன எவன் புடிப்பான்? புடிச்சாலும் அடிப்பான். வயசான மனுசன். நானே கூட்டிட்டு வாரேன்னு சொன்னேன். பழைய கயிறு இத்துப் போச்சு, புதுக் கயிறு வேணும்னு ரெண்டு மாசமா கேட்டுக்கிட்டு இருந்தாரு. நைலான் வேண்டாம், கைய அறுக்கும், தேங்கா நாருக் கயிறுதான் வேணும், பன்னெண்டு பாகம். நான் பஜாருக்குப் போயி நல்ல கயிறா வாங்குனேன். பொய் சொல்லல, நெசமாவே வாங்குனேன். உள்ள போயி, 'அண்ணே, கயிறு வந்திருக்கு, கனமா இருக்கு, கேட்டு வரைக்கும் வந்து எடுத்துக்கிடுங்க, இன்னைக்கு ஆளு யாரும் இல்ல'ன்னேன்.

வாளியோட வந்தாரு. வந்த எடத்துலயே கயித்தக் கட்டிப் பாத்துரலாம்னு வாளியத் தூக்கிட்டு வந்தாரு. இந்தக் கேட்டத் தாண்டுனாரு. ஜீப்புக்குப் பின்னால இருந்து ரேஞ்சரும் ரெண்டு போலீஸும் வந்தாவ. அண்ணன் ஓடல, கத்தல, வைய்யக் கூட இல்ல. அவிய மூஞ்சியப் பாக்கவே இல்ல. என்னையப் பாத்து, 'ஏலே, நாலு மணிக்குத் தண்ணி ஊத்தணும்'ன்னாரு. அதுதான் எங்கிட்டக் கடைசியாப் பேசுனது.

ஆஸ்பத்திரியில ரெண்டு மாசம் வச்சிருந்தாவ. கதிரு அளக்க மெசினக் கிட்டக் கொண்டு போனா அது கத்துச்சுன்னு நர்சம்மா சொல்லிச்சு. ஆனா டாக்டரு என்ன சொன்னாரு தெரியுமா? சக்கர இல்ல, பிரஷர் இல்ல. கழுத்து வீக்கம் சொத்தப் பல்லாம். புடுங்குனதும் வத்திட்டு. எங்க காலனியில பன்னெண்டு வருசத்துல பாதிப்பேரு சக்கரையிலயும் குடியிலயும் போய்ச் சேந்தாச்சு. ஆனா பல்லு வலியும் வலிதான சார்? நான் சொல்லாட்டி யாரு புடுங்கியிருப்பா?

அவரு ஆஸ்பத்திரியில கெடக்கும்போதே, நாலாம் நாளு, மாடு பூரா இங்க வந்துட்டு. இதே கேட்டுக்கு உள்பக்கம். வாளி வந்த பாதைய மோந்துக்கிட்டே வந்திருக்கும்போல. நின்னு கத்துது. மந்திரி வாரதுக்கு ரெண்டு நாளு இருக்கு. பட்டாசப் போட்டு வெரட்டுன்னு ரேஞ்சரு சொன்னாரு. ஆர்டரு. நான் போட்டேன். சரவெடி. செவலையும், கொம்பு ஒடிஞ்ச காரியும் ரொம்ப நேரம் அசையல, காதை மட்டும் ஆட்டிக்கிட்டு நின்னுது. பொறவு போயிட்டு. அன்னைக்கு ஒரு போட்டோகிராபர் எடுத்த படத்துக்குப் பரிசு கெடைச்சிருக்காம். 'மனிதனைக் காண வந்த காட்டு மாடுகள்.' அந்தப் படத்துல ஓரமா ஒரு கையி தெரியும். அது என் கையி.

நான் சும்மா இருந்தேன்னு நெனைச்சிராதீங்க. ரேஞ்சர்கிட்டச் சொன்னேன். ஐயா, அது ஊத்து இல்ல, எங்க அண்ணன் ஊத்துன தண்ணி, ஒரு மோட்டார் போடுங்கன்னேன். அவரு சொன்னாரு, 'தண்ணிய மனுசன் ஊத்துனான்னு எழுதுனா இது சரணாலயம் இல்லடா, மாட்டுத் தொழுவம். ஆர்டரு கேன்சலாயிரும். உன் பெர்மனெண்டும் கேன்சலாயிரும்.' மேடம்கிட்டயும் சொன்னேன். அவங்க கண்ணாடியக் கழத்தித் தொடைச்சாவ. பொறவு, 'பொஸ்தகம் அச்சுக்குப் போயாச்சே சித்திரைவேல்'ன்னாவ. போன கோடையில மாடு கொறைஞ்சதுக்கு இப்ப புதுசா ஒண்ணு எழுதியிருக்காவ. கூட்டம் தானே தன்னச் சுருக்கிக்கிடுதாம். இயற்கைக்கு எல்லாம் தெரியுமாம்.

நீங்க என்ன நெனைக்கீங்கன்னு தெரியுது. 'நீரு போயி எறைக்க வேண்டியதுதான'ன்னு நெனைக்கீங்க. எல்லாரும் அதத்தான் நெனைக்காவ, யாரும் வாய் தெறந்து கேக்கதில்ல. எனக்கு இப்ப கேட்டு டூட்டி சார். பெர்மனெண்டுக்கு உள்ள போற டூட்டி கெடையாது. அதுவும் போவ, இப்ப நான் பட்டையக் கழத்தறது இல்ல. பாருங்க, மாருலயே இருக்கு. குளிக்கப்ப மட்டுந்தான் கழத்துவேன். முன்ன தற்காலிகம், என்ன ஆனாலும் கேக்க நாதி இல்ல, பயமும் இல்ல. இப்ப பென்சன் வரும்லா. அத வாங்கதுக்காவது உசுரோட இருக்கணும்லா. அன்னைக்கு அண்ணன் கேட்டத் தாண்டி வந்ததுக்குப் பொறவு நான் ஒரு அடி உள்ள வச்சதில்ல. அந்தக் கயிறு அந்தா அலமாரி மேல கெடக்கு. எலி கடிச்சிரக்கூடாதுன்னு பாலிதீன்ல சுத்தி வச்சிருக்கேன்.

வீட்டுல பேச்சி இப்பல்லாம் அண்ணனுக்குத்தான் மொதச் சோறு போடுதா. எனக்குத் தட்ட வைக்கா, பேசதில்ல. ஒரு வீட்டுல மூணு பேரு, சத்தம் போடுதது டிவி மட்டுந்தான். நான் யாருக்காவ இதெல்லாம் செஞ்சேன்? சொல்லுங்க சார், யாருக்காவ செஞ்சேன்?

சரி சவத்த விடுங்க. அந்தா ஜீப்பு வருது. கேமராவ எடுத்துக்கிடுங்க. தொப்பி இருக்கா? மயிலு ரேஷன் கடைப் பக்கம் நிக்கும், நரிய வி.ஏ.ஓ. ஆபீசுல பாக்கலாம். பழைய விளைப் பக்கம் டிரைவரு கூட்டிட்டுப் போவ மாட்டான். நீங்க வற்புறுத்துனா போவான். போவாண்டாம். போனாலும், தொட்டிப் பக்கம் கெடக்கதப் படம் புடிச்சா அத வெளிய வந்து யாருக்கும் காட்டாதீங்க. எனக்கும் காட்டாதீங்க. எத்தனை மிச்சம்னு டிரைவரு ஒரு நாளு சொல்ல வந்தான், நான் காதப் பொத்திக்கிட்டேன்.

ஒண்ணு சொல்லணும். நீங்க திரும்பி வாரப்ப அண்ணன் உங்கள மறிப்பாரு. எங்கிட்டத்தான் பேச மாட்டாரு, உள்ள போயிட்டு வாரவுக எல்லார்ட்டயும் பேசுவாரு. ஒரே கேள்விதான் கேப்பாரு. 'எத்தன நிக்கு?'ம்பாரு. அவரு போறப்ப முப்பத்தொண்ணு விட்டுட்டு வந்தாரு. அதனால வாரவுக எல்லார்ட்டயும் நான் இங்க உக்கார வச்சு, இந்தக் கதையச் சொல்லி, முப்பத்தொண்ணுன்னு சொல்லுங்கன்னு கேட்டுக்கிடுவேன். எல்லாரும் சொல்லுவாவ. நல்ல மனுசங்க. ஒரு வருசமா அப்படித்தான் ஓடுது. போன வாரம் மதுரையில இருந்து வந்த ஒரு சாரு, பாவம், நான் சொன்ன கணக்க மறந்து முப்பத்தி மூணுன்னு சொல்லிட்டாரு. ரெண்டு கன்னு போட்டிருக்கு, எதுன்னு தெரியலயே, செவலையா காரியான்னு அண்ணன் பஸ்ஸுல வீடு வரைக்கும் பின் சீட்டுல தனியாப் பேசிக்கிட்டே வந்தாரு. பேச்சிகிட்டச் சொல்லிச் சிரிச்சாரு. ரெண்டுக்கும் பேரு வச்சிட்டாரு சார்.

அதனால இன்னைல இருந்து முப்பத்தி மூணு. ஞாபகம் வச்சுக்கிடுங்க. கூட்டிச் சொன்னாலும் சொல்லுங்க, கொறைச்சுச் சொல்லிராதீங்க.